அலைவரிசை யாருடைய சொத்து?

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஆட்கள் நாலு பேர் கூடி அமெரிக்க அரசியல் பேச ஆரம்பித்தால், சாப்பாடு முடிவதற்குள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "இத்தனை பொய் சொல்கிறார்களே, ஃபாக்ஸ் நியூஸின் லைசென்ஸைப் பிடுங்க முடியாதா?" கேட்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் லிபரல்தான். குடியுரிமை வாங்கிய நாள் முதல் ஜனநாயகக் கட்சிக்குத்தான் வாக்களித்து வருகிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என் பதில்: முடியாது, முடியவும் கூடாது. அது ஏன் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முடியாது என்பதற்குக் காரணம் எளிது. ஃபாக்ஸ் நியூஸ் ஒரு கேபிள் சேனல். எஃப்.சி.சி. எனப்படும் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம், ஒலிபரப்பு, ஒளிபரப்பைப் பொறுத்தவரை, காற்றில் அலை அனுப்பும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கு மட்டுமே உரிமம் தருகிறது. கேபிள் சேனலுக்கு அப்படி ஓர் உரிமமே கிடையாது. இல்லாததை யாரும் பிடுங்க முடியாது.

கூடாது என்பதுதான் நீண்ட கதை. அது மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் தொடங்குகிறது.

அங்கே டபிள்யூ.எல்.பி.டி. என்று ஒரு தொலைக்காட்சி நிலையம். தேசியத் தொலைக்காட்சி நிறுவனமான என்.பி.சி.யின் நிகழ்ச்சிகளை அந்தப் பகுதிக்குக் கொண்டு சேர்த்தது அதுதான். அதன் பார்வையாளர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் கருப்பின மக்கள். 1955-ல் என்.பி.சி. நிகழ்ச்சி ஒன்றில் கருப்பின உரிமைச் சங்கத்தின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தோன்றியபோது, ஜாக்சனில் திரை நின்றுபோனது. 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்று ஓர் அட்டை வந்தது. கேபிளில் ஒரு கோளாறும் இல்லை. நிலையத்தின் மேலாளர், நிறப் பிரிவினையைக் காக்க அமைந்த வெள்ளையர் கவுன்சிலைச் சேர்ந்தவர். செய்தியில் வெள்ளையர்களைத் திரு, திருமதி என்று மரியாதையாகச் சொன்னவர்கள், கருப்பினத்தவரை வெறும் பெயர் சொல்லித்தான் குறிப்பிட்டார்கள். ஊரில் நடந்த போராட்டம் அந்த ஊர்த் திரையில் வரவில்லை. வந்தபோதும் ஒரு தரப்பின் குரலில்தான் வந்தது.

1963 மே 20 அன்று, பல ஆண்டு முறையீட்டுக்குப் பிறகு, அதே கருப்பின உரிமைச் சங்கத்தின் மிசிசிப்பி செயலாளர் மெட்கர் எவர்ஸுக்கு அந்த நிலையத்தில் 17 நிமிடம் கிடைத்தது. ஜாக்சன் மேயர் தொலைக்காட்சியில் பேசியதற்குப் பதில் சொல்லும் நேரம் அது. கடைக்குப் போனால், உணவகத்துக்குப் போனால் தங்களுக்கு என்ன நடக்கிறது என்று ஒரு கருப்பின மனிதர் அந்த ஊர் மக்களைப் பார்த்து நேராகப் பேசினார். ஜூன் 12 அதிகாலையில் அவரைச் சொந்த வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள்.

அடுத்த ஆண்டு, எவரெட் பார்க்கர் என்ற போதகர் இந்த நிலையத்தின் உரிமம் புதுப்பிப்புக்கு வருவதைக் கவனித்தார். புகார் சொன்னால் போதாது, சான்று வேண்டும் என்று அவருக்குத் தெரியும். உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கு ரகசியமாகப் பயிற்சி கொடுத்து, 1964 மார்ச் முதல் வாரம் முழுவதும் ஒளிபரப்பைக் கண்காணிக்கச் செய்தார். யார் தோன்றினார்கள், யார் தோன்றவில்லை, எந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். பெயர் வெளியே தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால் அவர்கள் யார் என்பது மறைத்தே வைக்கப்பட்டது. தொலைக்காட்சி முன் உட்கார்ந்து நோட்டில் எழுதுவதற்கு அவ்வளவு துணிச்சல் தேவைப்பட்ட காலம் அது.

எஃப்.சி.சி. என்ன சொன்னது தெரியுமா? பார்வையாளர்களுக்கு வழக்காடும் தகுதியே இல்லை என்றது. தொழிலில் பண நஷ்டம் அடைந்தவரோ, அலைவரிசை இடையூறால் பாதிக்கப்பட்டவரோ மட்டும்தான் கேள்வி கேட்கலாமாம். 1966-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. கேட்கிறவருக்கும் பார்க்கிறவருக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பு எழுதியவர் வாரன் பர்கர். பின்னாளில் அதிபர் நிக்சன் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக நியமித்த அதே பர்கர், பழமைவாதி. ஆணையம் மறுபடியும் நிலையத்துக்குச் சாதகமாகவே நடந்துகொள்ள, 1969-ல் அதே பர்கரின் தீர்ப்பால் அந்த உரிமம் செல்லாமல் போனது. 1972-ல் வில்லியம் டில்டே என்ற கருப்பினத்தவர் அந்த நிலையத்தின் பொது மேலாளராகப் பொறுப்பேற்றார்.

லிபரல்களாகிய நாம் பெருமையோடு சொல்லும் கதை இது. உரிமத்தைப் பிடுங்கித்தானே நியாயம் கிடைத்தது என்று இதைக் காட்டி என்னிடம் வாதிடுபவர்களும் உண்டு. சரி, இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்போம்.

1949-ல் எஃப்.சி.சி. கொண்டுவந்த 'ஃபேர்னெஸ் டாக்ட்ரின்' விதி, பொதுப் பிரச்சினைகளைப் பேச வேண்டும், மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று நிலையங்களுக்குக் கடமை வைத்தது. பென்சில்வேனியாவில் ரெட் லயன் என்ற சிறிய ஊரின் வானொலியில் ஒரு வலதுசாரிப் போதகர் ஃபிரெட் குக் என்ற எழுத்தாளரைத் தாக்கிப் பேச, பதில் சொல்ல எனக்கும் நேரம் வேண்டும் என்றார் குக். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969-ல் குக் பக்கம் தீர்ப்பானது. ஒலிபரப்புபவரின் உரிமையைவிடக் கேட்பவரின், பார்ப்பவரின் உரிமையே மேலானது என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது. ஆனால் குக்குக்குப் பின்னால் ஜனநாயகக் கட்சி ஆட்களின் துணை இருந்ததைப் பின்னர் பத்திரிகையாளர் ஃபிரெட் ஃப்ரெண்ட்லி வெளியே கொண்டுவந்தார். 1964 தேர்தலையொட்டி, இந்த விதியைக் கொண்டு வலதுசாரி வானொலிகளைத் தொல்லைப்படுத்துவது, செலவுக்குப் பயந்து அவர்களாகவே அடங்கிப்போகச் செய்வது என்பதுதான் திட்டம் என்று அதில் ஈடுபட்டவர் ஒருவரே ஒப்புக்கொண்டார். நம் கட்சி செய்தது இது. மறைக்கக் கூடாது.

பிறகு நிக்சன் வந்தார். 1972 செப்டம்பர் 15 அன்று வெள்ளை மாளிகை ஒலிநாடாவில், வாட்டர்கேட் ஊழலைத் துருவிக்கொண்டிருந்த வாஷிங்டன் போஸ்ட்டுக்குப் பெரிய தொல்லை காத்திருக்கிறது, அவர்களிடம் தொலைக்காட்சி நிலையம் இருக்கிறது, அதன் உரிமத்தைப் புதுப்பித்தாக வேண்டும் என்று அவர் பேசியது பதிவாகியிருக்கிறது. அடுத்த சில மாதங்களில் அந்த நிறுவனத்தின் புளோரிடா நிலையங்களின் உரிமங்களை எதிர்த்து மனுக்கள் வந்தன. நல்லவேளை, அவை தோற்றன.

ஜாக்சனில் பார்வையாளர்கள் கேட்டது, "எங்களையும் காட்டுங்கள்" என்று. நிக்சன் கேட்டது, "என்னைப் பற்றிப் பேசாதீர்கள்" என்று. ஒன்று விடுபட்டதைச் சேர்க்கச் சொல்கிறது, மற்றது சொன்னதற்குத் தண்டிக்கப் பார்க்கிறது. சட்டம் ஒன்றே. யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1987-ல் ரேகன் காலத்து எஃப்.சி.சி. ஃபேர்னெஸ் டாக்ட்ரின் விதியைக் கைவிட்டது. மறு ஆண்டே வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போகத் தொடங்கியது. வானொலியின் முகம் மாறியதில் இதற்குப் பங்கு உண்டு. 1996-ல் வந்த ஃபாக்ஸ் நியூஸுக்கு அந்த விதி உயிரோடிருந்தாலும் பொருந்தியிருக்காது, ஏனென்றால் அது கேபிள். விதியை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் பொய்க்கு விலையே இல்லையா? உண்டு. 2020 தேர்தல் இரவில், அரிசோனாவில் பைடன் வென்றார் என்று முந்திக்கொண்டு அறிவித்தது ஃபாக்ஸ்தான். ரசிகர்கள் கொதித்து வேறு சேனலுக்கு ஓட ஆரம்பித்தார்கள். அதன்பின் வாக்குப்பதிவு இயந்திர நிறுவனமான டொமினியன் மீது ஆதாரமற்ற குற்றச்சாட்டுகள் அங்கே நாள்தோறும் ஒலித்தன. டொமினியன் அவதூறு வழக்குப் போட்டதும் உள்ளே ஓடிய குறுஞ்செய்திகள் வெளியே வந்தன. டிரம்ப் சொன்ன தகவல் தவறு என்று அவர்களுடைய நிருபர் ஒருவரே ட்விட்டரில் எழுதியபோது, அவரை வேலையை விட்டு நீக்க வேண்டும், நிறுவனத்தின் பங்கு விலை இறங்குகிறது என்று சக தொகுப்பாளர்களுக்கு எழுதினார் டக்கர் கார்ல்சன். உண்மை சொன்னதற்காகச் சக ஊழியரின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தார்கள்! டொமினியனைப் பற்றிச் சொன்ன எதுவும் உண்மையில்லை என்று டெலவேர் நீதிபதி எரிக் டேவிஸ் அழுத்தந்திருத்தமாகத் தீர்ப்பில் எழுதினார். 2023 ஏப்ரல் 18 அன்று, விசாரணை தொடங்கும் தறுவாயில், ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இதற்கு எந்த ஆணையத்தின் தயவும் தேவைப்படவில்லை. சான்று, நீதிமன்றம், சத்தியப் பிரமாணத்தின் மேல் சாட்சியம். பழைய வழிதான்.

நம் வீட்டு வாசலில் விழும் பத்திரிகையையும் பேசிவிடுகிறேன். 2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில், அணு ஆயுதத்துக்காக ஈராக் அலுமினியக் குழாய்கள் வாங்க முயல்கிறது என்று அரசு அதிகாரிகளை மேற்கோள் காட்டி ஒரு செய்தி. அன்று காலையே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் தோன்றி, டைம்ஸே சொல்லியிருக்கிறது என்று அதைச் சுட்டிக்காட்டினார். அரசு கொடுத்த தகவலை அரசே பத்திரிகைச் சான்றாகத் திருப்பிக் காட்டியது. போர் நடந்து, ஆயுதம் ஒன்றும் கிடைக்காமல் போன பின், 2004 மே 26 அன்று உள்பக்கத்தில் ஒரு தன்னிலை விளக்கம் வெளியிட்டது டைம்ஸ். போருக்கு முந்தைய அதே மாதங்களில் நைட் ரிடர் பத்திரிகை நிறுவனத்தின் வாஷிங்டன் நிருபர்கள் ஜொனாதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபல் இருவரும் அமைச்சர்களை விட்டுவிட்டு, கீழ்நிலையில் கோப்புகளைப் பார்த்த அதிகாரிகளிடம் கேட்டு, இந்தக் கதையில் ஓட்டை இருக்கிறது என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். படித்தவர்கள் குறைவு.

இப்போது யோசித்துப் பாருங்கள். எது மெய், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அன்றைய அரசிடம் இருந்திருந்தால் யாருக்குத் தண்டனை கிடைத்திருக்கும்? டைம்ஸுக்கா? இல்லை. லாண்டேவுக்கும் ஸ்ட்ரோபலுக்கும்தான்.

2025-ல் நாம் பார்த்தது இதைத்தான். 'சிக்ஸ்டி மினிட்ஸ்' பேட்டி ஒன்றை வெட்டி ஒட்டிய விதத்துக்காக சி.பி.எஸ். தொலைக்காட்சி மீது டிரம்ப் 2024 அக்டோபரிலேயே வழக்குப் போட்டிருந்தார். சட்டம் தெரிந்த பலரும் நிற்காத வழக்கு என்றார்கள். ஆனால் தாய் நிறுவனமான பாராமவுண்ட்டின் இணைப்பு ஒப்பந்தம் எஃப்.சி.சி. மேசையில் கிடந்தது. ஜூலைத் தொடக்கத்தில் 1.6 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தார்கள். அந்த மாதமே இணைப்புக்கு ஒப்புதல் வந்தது. செப்டம்பரில், வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க்கின் கொலையை ஒட்டி ஏ.பி.சி. தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மெல் பேசிய சில வரிகளுக்காக, இதை எளிய வழியிலும் முடிக்கலாம், கடினமான வழியிலும் முடிக்கலாம் என்று எஃப்.சி.சி. தலைவர் பிரெண்டன் கார் வெளிப்படையாகவே சொன்னார். பல உள்ளூர் நிலையங்களை வைத்திருக்கும் நெக்ஸ்டார் நிறுவனம் தன் ஏ.பி.சி. நிலையங்களில் அந்த நிகழ்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கும் 620 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்றுக்கு இதே ஆணையத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது. ஏ.பி.சி. அன்றே நிகழ்ச்சியை நிறுத்தி வைத்தது.

அப்போது நிமிர்ந்து பேசியவர்களில் டெக்சஸின் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸும் ஒருவர். மாஃபியாக்காரன் மிரட்டுவது போல இருக்கிறது என்றார். நான் எதிலும் ஒத்துப்போகாத மனிதர். அன்று அவர் சொன்னது சரி, அதை இந்த மேடையில் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஏ.பி.சி.யின் தாய் நிறுவனமான டிஸ்னியின் சந்தாவை ரத்து செய்து எதிர்ப்பைக் காட்டிய பார்வையாளர்களும் சேர்ந்துதான் ஒரு வாரத்துக்குள் கிம்மெலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பெரிய நிறுவனங்கள் வளைந்த இடத்தில் சிறியவர்கள் எப்படி நின்றார்கள் என்பதற்கு கான்சஸ் மாநிலத்தின் மேரியன் போதும். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் மாவட்டம். 2023 ஆகஸ்ட் 11 அன்று 'மேரியன் கவுண்டி ரெக்கார்ட்' வார இதழின் அலுவலகத்திலும் அதன் ஆசிரியர் எரிக் மேயரின் வீட்டிலும் போலீஸ் புகுந்து கணினிகளையும் போன்களையும் அள்ளிக்கொண்டு போனது. அவருடைய தாயார் ஜோன் மேயருக்கு 98 வயது, இதழின் இணை உரிமையாளர். நடைச்சட்டத்தைப் பிடித்தபடி அவர் போலீஸாரை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லி அதட்டுவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. மறுநாள் அந்த அம்மா இறந்துபோனார். அடுத்த வார இதழ் குறித்த நாளில் வந்தது. 'கைப்பற்றிவிட்டார்கள், ஆனால் வாயடைக்க முடியவில்லை' என்பது அதன் தலைப்பு. அவர்களைப் பாதுகாக்கப் பெரிய வக்கீல் படை இல்லை. இதழை நிறுத்த வேண்டும் என்ற எண்ணமும் அவர்களுக்கு வரவில்லை.

ஆகவே நண்பர்களே, லைசென்ஸைப் பிடுங்கு என்ற பேச்சை விட்டுவிட்டு, பார்க்கர் செய்ததைச் செய்வோம். இந்த நாட்டில் ஒவ்வொரு நிலையமும், தன் பகுதியின் பிரச்சினைகளைப் பற்றி என்னென்ன ஒளிபரப்பியது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் போட்டுப் பொதுக் கோப்பில் வைத்தாக வேண்டும். அந்தக் கோப்பு எஃப்.சி.சி. இணையதளத்தில் யாருக்கும் திறந்திருக்கிறது. உரிமம் எட்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. தொலைக்காட்சி உரிமங்கள் 2028-ல் தொடங்கி, மாநிலம் மாநிலமாகப் புதுப்பிப்புக்கு வரும். மனுப் போடும் உரிமையை ஜாக்சன் மக்கள் நமக்கும் சேர்த்தே வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நம் பள்ளி வாரியத்தைப் பற்றி எத்தனை நிமிடம் செய்தி வந்தது, நகராட்சிக் கூட்டத்துக்கு எந்த நிலையமாவது நிருபரை அனுப்பியதா, நாம் வசிக்கும் தெருக்கள் குற்றச் செய்தியில் அல்லாமல் வேறு எதிலாவது வந்தனவா என்று அந்தப் பட்டியலில் தேடுவோம். இந்தக் காலாண்டின் பட்டியலை அச்சடித்துக் கொண்டு வந்திருக்கிறேன். வெளியே மேசையில் இருக்கிறது. என்னோடு உட்கார்ந்து படிக்க விருப்பமுள்ளவர்கள், பக்கத்தில் இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.