அன்னாசி போட்டால் ஜெலி ஏன் தண்ணீராகிறது? யாழ்ப்பாண வெயிலில் நிற்கும் சாராய ஜெலி

[திரையில்: அருகருகே இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள்]

வணக்கம் உறவுகளே! இந்த இரண்டு கிண்ணங்களையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே சாராயம், ஒரே அளவு சீனி, ஒரே சமைக்காத பச்சை அன்னாசித் துண்டுகள். இரவு முழுக்க இரண்டும் பிறிட்ஜுக்குள் இருந்தன. இடப்பக்கத்தைக் கவிழ்க்கிறேன். அழகான கட்டியாக விழுகிறது. இப்போது வலப்பக்கம். பார்த்தீர்களா, சர்பத் மாதிரி ஓடுகிறது!

பழம் போட்ட மது ஜெலியை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இந்த வலப்பக்கக் கிண்ணத்தைத்தான்.

அதற்கு முன் ஒன்று. இது 21 வயது நிறைந்தவர்களுக்கான காணொளி. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கையில் அதற்குக் குறைந்த வயதினருக்கு மது விற்கக்கூடாது, மதுவுக்கு விளம்பரமும் செய்யக்கூடாது. எனவே போத்தலின் லேபலைக் காட்ட மாட்டேன்.

மது ஜெலி இன்றைய கண்டுபிடிப்பு இல்லை. 1862இல் அமெரிக்காவில் அச்சான ஒரு மதுக்கலவைக் கையேட்டிலேயே செய்முறை இருக்கிறது.

சரி, கிண்ணத்துக்கு வருவோம். வலப்பக்கம் ஜெலட்டின். மாட்டின், பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் புரதம் அது. சூடான தண்ணீரில் கரைந்து, ஆறும்போது அந்தப் புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னி வலை போல ஆகும். தண்ணீர் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் ஜெலி.

பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதியம் இருக்கிறது. புரதத்தை வெட்டுவதுதான் அதன் வேலை. வலையின் இழைகளை அது வெட்டிக்கொண்டே இருந்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க என்ன இருக்கும்? பப்பாசியில் பப்பைன், கிவியில் அக்டினிடின், அத்திப்பழத்தில் ஃபிசின், எல்லாம் இதே கூட்டம்தான். இஞ்சியில் கூட இருக்கிறது.

இதை நம் வீட்டுப் பெரியவர்கள் அடுப்படியில் எப்போதோ கண்டுகொண்டார்கள்! முற்றின ஆட்டிறைச்சி அவியாமல் கிடந்தால் அம்மம்மா என்ன செய்வா? பப்பாசிக்காயில் ஒரு துண்டு வெட்டிச் சட்டிக்குள் போடுவா. இறைச்சியின் நாரைப் பதமாக்கும் பப்பைன் ஜெலட்டினையும் கரைக்கும். இறைச்சியின் நாரைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜனில் இருந்துதான் ஜெலட்டினே வருகிறது. கறிச்சட்டியில் நமக்குக் கைகொடுத்த அதே பொருள் ஜெலிக் கிண்ணத்தில் எதிரியாகி நிற்கிறது. எனக்கு இதை எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காது.

ரின்னில் அடைத்த அன்னாசி போட்டால் ஜெலட்டினும் உறையும், ஏனென்றால் ரின்னில் அடைக்கும்போது கொடுக்கும் சூட்டில் நொதியம் செத்துவிடும். பிறிட்ஜின் குளிருக்கோ ஐஸ் பெட்டிக்கோ அது சாகாது.

அப்படியென்றால் இடப்பக்கக் கிண்ணம் எப்படி உறைந்தது? அது கடற்பாசி. கடையில் சைனா கிராஸ், அகர் அகர் என்று கேட்டாலும் தருவார்கள். சிவப்புப் பாசி வகைகளில் இருந்து எடுக்கும் மாச்சத்து வகைப் பொருள் அது. புரதமே இல்லாததால் அன்னாசிக்கு அதில் வெட்ட எதுவும் இல்லை. அகர் தரும் பாசி ஒன்று நம் களப்புகளிலேயே வளர்கிறது. பழைய மருந்து நூல்களில் அது யாழ்ப்பாணப் பாசி என்றே பதிவாகியிருக்கிறது. எனக்கு அதில் பெரிய சந்தோசம்.

கடற்பாசியை எடுப்பதற்கு அன்னாசியை விட முக்கியமான காரணம் வெயில். ஜெலட்டின் சுமார் 35 பாகை செல்சியஸிலேயே உருகும். சித்திரை வெயிலில் முற்றத்தில் விருந்து வைத்தால், ஆட்கள் கை கழுவி வருவதற்குள் தட்டில் தண்ணீர்தான். கறண்ட் நெடுநேரம் போனால் பிறிட்ஜுக்குள்ளும் அது இளகத் தொடங்கும். அகர் ஒருமுறை உறைந்தால் 85 பாகை வரை அசையாது. சைவம் சாப்பிடுபவர்களும் கவலைப்படாமல் எடுக்கலாம். யாழ்ப்பாணத்துக்குக் கடற்பாசிதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

[திரையில்: அடுப்பு, தண்ணீர் கொதிக்கிறது]

செய்முறை. 350 மில்லிலீற்றர் தண்ணீரில் 5 கிராம் அகர் தூளைக் கலந்து கொதிக்க விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதித்து, தூள் முழுக்கக் கரைய வேண்டும். நான்கு மேசைக்கரண்டி சீனி. அடுப்பை அணைத்து, கொதி அடங்கும்வரை பொறுங்கள். மதுசாரம் 78 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கொதியோடு ஊற்றினால் உங்கள் காசு கூரைக்குப் போகும். ஆவி குறைந்த பிறகு 150 மில்லிலீற்றர் சாராயம். அது குளிர்ந்த போத்தலாக இருக்கக்கூடாது, அகர் 40 பாகைக்குக் கீழே கட்டிபடத் தொடங்கும். தேசிக்காய்ப் புளியும் கடைசியில்தான், புளியோடு கொதித்தால் அகரின் பிடிப்புக் குறையும்.

சாராயத்தைக் கூட்டி ஊற்ற ஆசை வரும். வேண்டாம். மது கூடக் கூட ஜெலி பலவீனமாகும்.

எது பொருத்தம்? என் வாக்கு பனஞ்சாராயத்துக்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கும். பனையின் அந்த ஊறின வாசத்துக்கு ஈடுகொடுக்கும் பழம் அதுதான். மாம்பழக் காலம் முடிந்தால் வலிகாமத்து முந்திரிகைப்பழத்தை, அதாவது திராட்சையை, பாதியாக வெட்டிப் போடுங்கள். பாதிக் கலவையை ஊற்றி, மேற்பரப்பு இறுகத் தொடங்கும்போது பழத்தை அடுக்கி, மீதியை ஊற்றினால் பழம் அடியில் போய்க் குவியாது. மீதிக் கலவையை அதுவரை இளஞ்சூட்டில் வைத்திருங்கள். வீட்டில் காய்ச்சின கசிப்பை மட்டும் கையால் தொடாதீர்கள். அதற்குள் மெதனோல் என்ற நச்சு மதுசாரம் இருந்தால் கண்ணும் போகும், உயிரும் போகும்.

இப்போது கணக்கு. இந்த அளவில் பழத்தைச் சேர்க்காமல் 500 மில்லிலீற்றர் கலவை வரும். 20 துண்டாக வெட்டினால், நான்கு துண்டில் 30 மில்லிலீற்றர் சாராயம். இனிப்பும் பழமும் சேர்ந்து காரத்தை மறைத்துவிடுவதால் நாக்குக்கு அது தெரியாது. 1862ஆம் ஆண்டுக் கையேடும் இதையே சொல்லி எச்சரிக்கிறது: ருசியில் அளவு மீறியவர்கள் விருந்துக்குப் பிறகு நடனமாட முடியாமல் போனார்களாம். சாப்பிட்டவர் மோட்டார் சைக்கிளில் ஏறக்கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சிவப்பாகவோ பச்சையாகவோ நிறமூட்டாதீர்கள், அவர்களுக்கு அது ஐஸ்கிரீம் கடை ஜெலிதான். பெயர் எழுதி ஒட்டி, பிறிட்ஜின் மேல்தட்டில் தள்ளி வையுங்கள். அவர்களுக்குச் சாராயத்துக்குப் பதில் நெல்லிரசம் ஊற்றித் தனியாகச் செய்யலாம்.

இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள், பிறகு ஜெலி தண்ணீர் விடத் தொடங்கும். பலாச்சுளை போட்டுச் செய்து பார்க்கிறவர்கள் எப்படி வந்தது என்று கீழே எழுதுங்கள். அடுத்த காணொளிக்கு அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.