ரோட்டோரம் வைத்த ஸ்கேல்

(ஈரோட்டில் நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. 'வெளிப்படையான அரசாங்கம்: நாடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?' என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் எங்கள் ஊர்த் தார் ரோட்டிலிருந்து தொடங்குகிறேன்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துச் சாளை வீடு வரைக்கும் புதிதாகத் தார் போட்டார்கள். ஐப்பசி மழை ஒன்றுதான் பெய்தது. அதற்குள் அங்கங்கே அப்பளம் மாதிரிப் பெயர்ந்துவிட்டது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். வேலைக்கான மதிப்பீட்டின் (எஸ்டிமேட்) நகலும் எம் புக் நகலும் கேட்டேன். எம் புக் என்றால் வேலையை அளந்து பொறியாளர் எழுதி வைக்கும் அளவுப் புத்தகம். அதில் ஏறினால்தான் காண்ட்ராக்டருக்குப் பில் பாஸாகும். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வரவில்லை. மேல்முறையீடு செய்தேன். அப்புறம்தான் 'நேரில் வந்து பார்வையிடலாம்' என்று ஒரு வரிக் கடிதம் வந்தது.

போனேன். பழுப்பு அட்டை போட்ட புத்தகத்தை மேசையில் வைத்தார்கள். நீளம், அகலம், கனம் என்று வரிசையாக எழுதியிருந்தது. கனம் 20 மி.மீ. அதைக் குறித்துக்கொண்டு வந்து, சாயங்காலம் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த ஸ்கேலோடு ரோட்டோரம் உட்கார்ந்தேன். ஓரத்தில் 11 இருந்தது. ஓரம் கொஞ்சம் மெலிசாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். நடுவில் பெயர்ந்திருந்த குழியிலும் வைத்துப் பார்த்தேன். 13.

அடுத்த கிராம சபையில் இதைக் கேட்டேன். எழுத்தில் ஒரு பதிலும் வரவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் ஆள் வந்து ஒட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது நாட்டுக்கு வருகிறேன். 2011இல் எட்டு நாடுகள் சேர்ந்து திறந்த அரசாங்கக் கூட்டாண்மை என்று ஒன்றைத் தொடங்கின. சேருகிற நாடு 'இன்னின்ன சீர்திருத்தம் செய்வேன்' என்று செயல்திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அரசாங்கத்தைச் சாராத மதிப்பீட்டாளர்கள் வந்து பார்ப்பார்கள். அவர்களிடம் முக்கியமான கேள்விகள் இரண்டு. சொன்னதைச் செய்து முடித்தாயா? முடித்ததால் அரசாங்கம் முன்பைவிடத் திறந்ததா? இலங்கை 2015இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. சேராதது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த இரண்டாவது கேள்வியை நாமே கேட்டுக்கொள்வதை யாரும் தடுக்கவில்லையே.

முதல் கேள்விக்கு நம்மிடம் நல்ல பதில் இருக்கிறது. தகவல் உரிமைக்கு 1997இலேயே சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. அடுத்த ஆண்டே டெண்டர்களில் வெளிப்படைத்தன்மைக்கும் ஒரு சட்டம் வந்தது. 2005இல் மத்தியச் சட்டம். உலக நாடுகளின் தகவல் உரிமைச் சட்டங்களை அவற்றின் வாசகத்தை மட்டும் பார்த்து 150க்கு மதிப்பெண் போடும் ஒரு தரவரிசை இருக்கிறது. அதில் நாம் முன்வரிசைதான்.

இரண்டாவது கேள்வியில்தான் தடுமாறுகிறோம். 2005 சட்டத்தின் நான்காவது பிரிவைப் படித்துப் பாருங்கள். யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் தாங்களாக வெளியிட வேண்டியவை என்று பதினேழு இனங்கள் அதில் இருக்கின்றன. அந்தப் பிரிவு உயிரோடு இருந்திருந்தால் நான் மேல்முறையீடு வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை. எங்கள் ரோட்டிலும் பலகை வைத்தார்கள். பணியின் பெயர் இருந்தது, தொகை இருந்தது. கனம் இல்லை. தொகையை வைத்துக்கொண்டு நான் எதைச் சரிபார்க்க முடியும்? கனம் தெரிந்தால் ஒரு ஸ்கேல் போதும்.

ராஜஸ்தான் கிராமங்களில் தகவல் உரிமைப் போராட்டம் தொடங்கியதே இப்படித்தான். 1994 முதல் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராய் போன்றவர்கள் மக்களோடு பந்தலில் உட்கார்ந்து, அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை ஊரார் முன்னால் வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்களுக்கும் செத்துப்போனவர்களுக்கும் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. பேரைக் கேட்டதும் ஊருக்குத் தெரிந்துவிடும், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று. தகவல் அந்த அளவுக்குக் கைக்கெட்ட வேண்டும்.

இறங்கிய படிகளையும் சொல்லியாக வேண்டும். தகவல் தர மறுத்தால் நம் முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையர்களின் பதவிக்காலம் முதலில் ஐந்தாண்டு என்று சட்டத்திலேயே இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை மத்திய அரசு விதி போட்டு முடிவு செய்கிறது, இப்போது மூன்றாண்டு. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட விவரங்களைத் தர மறுக்க இடம் கொடுக்கும் 8(1)(j) பிரிவையும் மாற்றிவிட்டது. 'நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது' என்று அங்கே இருந்த வரி போய்விட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்று 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, சரி. ஆனால் அந்தக் கூலிப் பட்டியலை இன்று ஒருவர் கேட்டால், 'பெயர் தனிப்பட்ட விவரம்' என்று பதில் எழுதுவது சுலபமாகிவிட்டது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

நம் பக்கத்து விஷயம் ஒன்று. அறுபது வருஷத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் வந்தது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் 1.5 டிஎம்சி, ஆறு நீரேற்று நிலையங்கள், 1,045 குளங்கள். நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது. உங்கள் ஊர்க் குளத்துக்குப் போன மாதம் எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்பதை யாரிடமும் கெஞ்சாமல் தெரிந்துகொள்ள முடிகிறதா என்று பாருங்கள். குளக்கரையில் ஒரு பலகை, அதில் மாதம் ஒரு வரி. ஆடு மேய்க்கிறவர் அதைப் படித்துவிட்டு, குளத்தையும் பார்த்துவிட்டு, 'சரிதானுங்க' என்றோ 'இல்லையே' என்றோ சொல்ல வேண்டும். நான் கேட்கிற மதிப்பீடு அவ்வளவுதான்.

வருகிற கிராம சபையில் எங்கள் ஊரில் நடக்கும் இரண்டு வேலைகளின் மதிப்பீட்டை முழுக்க வாசிக்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்து அப்பத்தா நேற்று வாசலில் நிறுத்தி, "ஏங்கண்ணு, அன்னைக்கு நானும் ஸ்கேல் கொண்டாரணுமா?" என்று கேட்டார். "கொண்டு வாங்க அப்பத்தா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.