ஐந்து மாத மிக்சரும் ஐம்பது வயது மிக்சரும்

வணக்கம். சத்தம் கேட்கிறதா? மேடையில் வைத்தால் படம் நடுங்குகிறது என்று இன்றைக்குக் கேமராவை ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறேன். பின்னால் உறுமுவது மாவு பிசையும் மிக்சர்தான். உள்ளே ஒரு கிலோ பிரெட் மாவு, 600 மில்லி தண்ணீர், 20 கிராம் உப்பு, 10 கிராம் ஈஸ்ட். இரண்டு ரொட்டிக்குக் கணக்கு. சனிக்கிழமை அல்லவா? தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் பன்னி சௌ. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வெட்டாத வெள்ளை ரொட்டியைக் காலாகவோ பாதியாகவோ துண்டாக்கி, நடுவில் இருக்கும் பஞ்சைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் மட்டன் குழம்பை ஊற்றித் தருவார்கள். தோண்டிய பஞ்சுதான் மூடி. பெயரில் முயல் இருந்தாலும் குழம்பில் முயல் கிடையாது.

மாவு ஒன்று சேர்ந்துவிட்டது. நிறுத்திவிடுகிறேன். இனி இது கொஞ்ச நேரம் சும்மா கிடக்கட்டும். மாவு தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தாலே பாதி பிசைந்த மாதிரி. மிக்சருக்கும் பாரம் குறையும், நான் பேசுவதும் உங்களுக்குக் கேட்கும்.

வீட்டில் ரொட்டி செய்ய எந்த மிக்சர் வாங்கலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். எது என்று சொல்வதற்கு முன்னால், எப்படி வாங்கக் கூடாது என்பதை என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

என் முதல் மிக்சரை நான் ஐந்தாம் மாதம் கொன்றேன். செத்துப்போனது என்று சொன்னால் பழி அதன் மேல் விழும், அது நியாயமில்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் 1,500 வாட் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன். அந்த ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக வீட்டில் பதினெட்டுப் பேர் வந்து இறங்கியிருந்தார்கள். ஒன்றரைக் கிலோ மாவை உள்ளே கொட்டி, வேகத்தை நான்கில் வைத்துவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மிக்சருக்குக் கால் முளைத்து மேடை விளிம்பு வரை நடந்து போயிருக்கிறது. மோட்டார் சுற்றுகிறது, மாவைப் பிசையும் கொக்கி அசையவில்லை, கருகல் வாடை. பழுது பார்க்கிறவர் பிளாஸ்டிக் பற்சக்கரம் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பல் மிச்சமில்லை. கையேட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிரித்தேன். ரொட்டி மாவுக்கு அதிகபட்சம் 600 கிராம் என்று இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால், பழுது பார்த்துக் கொடுப்பதா, மாற்றிக் கொடுப்பதா, பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்குத்தான். எனக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் பொருளின் குறைக்கு, என் புத்தியின் குறைக்கு இல்லை. போகவில்லை.

வாட் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுவரிலிருந்து எவ்வளவு மின்சாரத்தை மிக்சர் சாப்பிடுகிறது என்பதுதான் வாட். சாப்பிட்டதெல்லாம் வேலையாகிவிடுமா? எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பந்திக்கு முந்துகிற ஆட்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே 230 வோல்ட்டுக்கு விற்கும் கிச்சன்எய்டின் 4.8 லிட்டர் மிக்சரில் 300 வாட் என்றுதான் போட்டிருக்கும். கென்வுட் செஃப் எக்ஸெல் 6.7 லிட்டர் மிக்சரில் 1,200 வாட். அப்படியென்றால் இரண்டாவதற்கு நான்கு மடங்கு பலமா? கிடையாது. கிச்சன்எய்டில் மோட்டார் பற்சக்கரங்களை நேரடியாகத் திருப்புகிறது. கென்வுட்டில் வேகமாகச் சுற்றும் மோட்டாரின் ஓட்டத்தைப் பெல்ட்டும் பற்சக்கரமும் சேர்ந்து குறைத்துத் தருகின்றன. வழியில் எவ்வளவு வெப்பமாகப் போகிறது, எவ்வளவு கொக்கிக்கு வந்து சேருகிறது என்பதைப் பெட்டி சொல்லாது. ரொட்டி மாவுக்கு வேண்டியது மெதுவான வேகத்தில் திணறாமல் திருப்புகிற முறுக்கு விசை. கடையில் போட்டுக் காட்டினால், முதல் வேகத்தில் போடச் சொல்லுங்கள். காலிப் பாத்திரத்தில் ஆறாம் வேகத்தில் எல்லா மிக்சரும் சூரன்தான்.

இந்த மிக்சர்கள் சுற்றும் விதத்தை நம் வீட்டுச் சாமான்களை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஆட்டுரலில் உரல் அசையாது, குழவிதான் வட்டமடிக்கும். கென்வுட், கிச்சன்எய்ட் எல்லாம் அந்தச் சாதி. பாத்திரம் நிற்கும். கொக்கி தன்னையும் சுற்றிக்கொண்டு பாத்திரத்தையும் வலம் வரும். கோயம்புத்தூர் கிரைண்டரில் நேர்மாறு: பாத்திரம் சுழலும், கல் இருந்த இடத்தில் உருளும். அதே மாதிரி பாத்திரம் சுழலும் மிக்சரும் இருக்கிறது. சுவீடனில் 1940இலிருந்து செய்கிறார்கள், இப்போது அங்கர்ஸ்ரும் என்ற பெயரில் விற்கிறது. 7 லிட்டர் எஃகுப் பாத்திரம், ஓரத்தில் ஓர் உருளை. மாவு அந்த உருளைக்கும் பாத்திரச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பிசைபடும். தோழி வீட்டில் அதைப் பார்த்தபோது, அம்மா கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஓரத்து மாவை வழித்து வழித்து உள்ளே தள்ளுவது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். மேலே தலைப்பகுதி இல்லாததால் மாவு போடத் தாராளமாக இடம் இருக்கிறது. பழகத்தான் நாளாகும், தண்ணீரை முதலில் ஊற்றி, மாவைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு பெரியது வாங்குவது? லிட்டரைப் பார்க்காதீர்கள். பாத்திரம் கொள்ளுகிறது என்பதற்காக மோட்டார் தாங்கிவிடாது. ரொட்டி மாவுக்கு அதிகபட்சம் எத்தனை கிராம் என்று கையேட்டில் இருக்கும், அதைக் கேளுங்கள். அந்த எண்ணிலும் முக்கால் பங்குக்கு மேல் நான் போட மாட்டேன். அதிலும் கெட்டி மாவு வேறு, தளர்ந்த மாவு வேறு. ஒரு கிலோ மாவுக்கு 700 மில்லி தண்ணீர் விட்டால் கொக்கி வழுக்கிக்கொண்டு ஓடும். 500 மில்லி மட்டும் விட்டுப் பாருங்கள், மிக்சர் முனகுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். சப்பாத்திக்குக் கெட்டியாகப் பிசைகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் மட்டும் என்றால் இவ்வளவு பாரமான மிக்சரே வேண்டாம், பணத்தை வேறு எதற்காவது செலவழியுங்கள்.

தலை மேலே தூக்கிச் சாயும் வகை ஒன்று, தலை நிலையாக இருந்து பாத்திரம் ஏறி இறங்கும் வகை ஒன்று. சாயும் வகை கைக்கு வசதி. ஆனால் கெட்டி மாவில் கொக்கி இடறும்போது தலை தூக்கித் தூக்கிப் போடும். கடையில் பூட்டைப் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். காலியாக இருக்கும்போதே ஆடினால் வேண்டாம். எடையையும் பாருங்கள். பத்துக் கிலோ என்றால் தூக்கத்தான் சிரமம், ஆனால் நடந்து போகாது. 1919இல் கிச்சன்எய்ட் வீட்டுக்கென்று விற்ற முதல் மிக்சர் ஏறக்குறைய 30 கிலோ! அதைத் தினமும் அலமாரியிலிருந்து எடுத்து வைத்த புண்ணியவதிகளை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது பின்னால் நிற்கிறாரே, இவருடைய கதை. டர்பனுக்கு வடக்கே வெருலம் என்ற ஊரில் ஒரு பாட்டியம்மா வீட்டிலிருந்து வாங்கினேன். 1970களில் வந்த மிக்சர். நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், இரண்டாம் கையாக வாங்கியதற்கு நான் எதற்கு விளம்பரம் செய்ய வேண்டும்? தனியாள் தன் வீட்டுச் சாமானை விற்கும்போது அந்த ஆறு மாதச் சட்டம் நமக்குத் துணைக்கு வராது. அதனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அங்கேயே மாவு பிசைந்து பார்த்தேன். ஆமாம், ஒரு கிலோ மாவைப் பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். அத்தைக்கு வெட்கமாகப் போய்விட்டது, காரைவிட்டு இறங்கவே இல்லை.

வாங்கி ஒரு மாதத்தில் குபுகுபுவென்று புகை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பார்த்தால், போனது கபாசிட்டர் என்ற ஒரு சின்ன உறுப்பு. பழைய மோட்டார்களில் வயதானால் அது வெடிப்பது சகஜமாம். அதை மாற்றி, தேய்ந்த கார்பன் பிரஷ்களையும் மாற்றி, கல்லாகிப் போன கிரீஸைச் சுரண்டி எடுத்துப் புதிதாக வைத்ததில் மறுபடி எழுந்துவிட்டார். உள்ளே பற்சக்கரங்கள் உலோகம், பல் ஒன்றுகூடப் போகவில்லை. அதனால்தான் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: இதைத் திறக்க முடியுமா, உதிரிப் பாகம் டர்பனில் கிடைக்குமா? இரண்டு வருட வாரண்டியைவிட எனக்கு அந்தப் பதில் பெரிது.

அமெரிக்காவில் மலிவாகக் கிடைக்கிறது, தம்பி வரும்போது கொண்டுவரச் சொல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் அண்ணா. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. மிக்சருக்குப் பக்கத்தில் இன்னொரு மிக்சர் பருமனுக்கு அதையும் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

மின்வெட்டையும் மறக்க முடியுமா? 2023இல் இருந்ததுபோல இப்போது இல்லை என்றாலும் பழக்கம் விடவில்லை. அப்போது பிசைந்து நான்காவது நிமிடத்தில் மின்சாரம் போகும். அத்தை ஒன்றும் பேசாமல் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு மாவைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். மின்சாரம் போனால் முதல் வேலையாக மிக்சரின் சுவிட்சை அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பாத்திரத்துக்குள் கையை விட்டிருக்கும் நேரம் பார்த்துத் திரும்பி வரும். பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், மின்சாரம் திரும்பும்போது வோல்ட் எகிறும்.

சரி, மறுபடி போடுகிறேன். முதல் வேகம்தான், அதற்கு மேல் ஏற்ற மாட்டேன். கொக்கியைப் பாருங்கள், பன்றிவால் போல முறுக்கியிருக்கிறது. இது மாவைக் கீழே அழுத்தும். வளைந்த வெறும் கொக்கியாக இருந்தால் மாவு அதில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். நிறுத்தி நிறுத்தி இறக்க வேண்டும். தொட்டுப் பார்த்தால் மாவு லேசாகச் சூடாக இருக்கிறது. உராய்வில் வரும் சூடு. டர்பனில் கோடையான ஜனவரியில் சாதாரணத் தண்ணீர் விட்டால் மாவு நம் கையைவிட வேகமாகப் புளிக்கும். குளிர்சாதனப் பெட்டித் தண்ணீர்தான் நான் விடுவது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு முட்டை வெள்ளைக்கரு என்றால் இந்தப் பெரிய பாத்திரத்தில் விஸ்க் என்கிற கம்பிக் கூடு அதைத் தொடவே தொடாது. பாத்திரத்தில் ஒரு சின்ன நாணயத்தைப் போட்டு, விஸ்க் அதைத் தொட்டுத் தொட்டு நகர்த்துகிறதா என்று பார்த்து உயரத்தைச் சரிசெய்தேன். அப்படியும் நான்கு முட்டைக்குக் குறைந்தால் கையால்தான் அடிக்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் வேறு கதை. இங்கே தீபாவளி என்றால் முறுக்கோடு டப்பா டப்பாவாக பிஸ்கட் சுட வேண்டும். அப்போது இரண்டு கிலோ வெண்ணெயை இவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் டீ குடிப்பேன்.

நிறுத்திவிட்டேன். ஒரு துண்டு கிள்ளி விரிக்கிறேன், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். ஜவ்வு மாதிரி விரிகிறதா? அந்தப் பக்கம் என் விரல் நிழலாகத் தெரிகிறது பாருங்கள், கிழியவில்லை. போதும். எண்ணெய் தடவி மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகும். அத்தை, மட்டனை இப்போதே இறக்காதீர்கள், ரொட்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது!