ஜெயிக்கிற கால்பந்து அணிக்கு நாடு மரியாதை தருகிறதா? – நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. இதை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆரம்பித்தால் சீக்கிரம் நிறுத்த மாட்டேன் என்று எனக்கே தெரியும். நேயர் கேட்டிருப்பது இதுதான்: "2025 ஜூலையில் நம் பெண்கள் கால்பந்து அணி தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதே வருடம் நவம்பரில் பெண்கள் கிரிக்கெட் அணி உலகக் கோப்பையை ஜெயித்தபோது நாடே கொண்டாடியது. கால்பந்தில் ஜெயித்தால் மட்டும் ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை? ஜெயிக்கிற கால்பந்து அணிக்கு இந்த நாடு உரிய மரியாதை தருகிறதா?"

முதலில் ஒரு சின்னத் திருத்தம். உலகக் கோப்பையை ஜெயிப்பதும், ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறுவதும் ஒன்றல்ல. கிரிக்கெட் பெண்கள் வாங்கிய கைத்தட்டல் அத்தனையும் அவர்கள் சம்பாதித்தது. அதில் நமக்குப் பொறாமை வேண்டாம். ஆனால் உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஏனென்றால் தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தில் நடந்தது சாதாரண விஷயம் இல்லை. மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0 என்று வரிசையாக அடித்துவிட்டு வந்தார்கள். கடைசி மேட்ச் தாய்லாந்தோடு. 2015, 2019 என்று இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய அணி அது. அந்த மேட்ச்சில் சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல். நடுவில் தாய்லாந்து ஒன்று அடித்துச் சமன் செய்தது. அந்தச் சமயத்தில் நம் அணி பின்வாங்கி, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும் என்றுதான் நானும் நினைத்தேன். பின்வாங்கவில்லை. முன்னேறி ஆடி இரண்டாவது கோலும் அடித்தார்கள். தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து ஆசியக் கோப்பைக்கு நாம் போனது அதுதான் முதல் முறை.

சரி, மரியாதை கிடைத்ததா? கேட்டால் 'கிடைக்கவில்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். ஆனால் நம் சேனலை ரொம்ப நாளாகப் பார்க்கிறவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். ஆமாம், அட்டவணை. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி பற்றிய வீடியோவிலும் சொன்னேன், கோல்கீப்பர்கள் பற்றிய வீடியோவில் சம்பந்தமே இல்லாமலும் சொன்னேன். ஒரு விளையாட்டை நாடு மதிக்கிறதா என்று தெரிய வேண்டுமா? ஜெயித்த அன்று என்ன செய்தார்கள் என்று பார்க்காதீர்கள். அந்த அணியின் அடுத்த வருட அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எந்த மாதம் லீக், எந்த வாரம் முகாம், எந்தத் தேதியில் கிளப் வீரர்களை விடுவிக்க வேண்டும், இதெல்லாம் அதில் இருக்கிறதா? மாலை, பொன்னாடை, காசோலை எல்லாம் ஒரு நாள் சமாச்சாரம்.

பொன்னாடை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் மாநில அணிக்குக் கால்பந்து ஆடியவர். மைக்கைப் பிடித்தவர் அவரை 'கைப்பந்து வீரர்' என்று அறிமுகம் செய்து பொன்னாடை போர்த்தினார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே சால்வையை மடித்து மடியில் வைத்துவிட்டு என்னிடம் குனிந்து கேட்டார்: "தம்பி, அங்கே கோல் போஸ்ட்டைப் பாருங்க. வலை இல்லை. வலை இல்லாத போஸ்ட்டில் பசங்க எப்படி ஆடுவாங்க? கோலா இல்லையான்னு சண்டைதான் வரும்." கைப்பந்து என்று சொன்னது அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. வலைதான் உறைத்தது. விழா முடிந்து கிளம்பும்போது பி.டி. வாத்தியாரைத் தேடிப் பிடித்து அதையே திரும்பவும் சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்த அணியை எப்படி நடத்தினோம் என்பதற்கு 2023ஐ விடப் பெரிய உதாரணம் இல்லை. அந்த வருடம் ஆண்கள் அணி நன்றாக ஆடியது. ஜூனில் புவனேஸ்வரில் லெபனானை 2-0 என்று ஜெயித்து இன்டர்கான்டினென்டல் கோப்பை. ஒடிசா அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. அதிலிருந்து 20 லட்சத்தை வீரர்கள் ஒடிசா ரயில் விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். ஜூலை 4 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் குவைத்தைப் பெனால்டியில் ஜெயித்து தெற்காசியக் கோப்பை. மைதானம் நிரம்பி வழிந்தது. மக்களிடம் மரியாதை இல்லை என்று சொல்கிறவர்கள் அன்றைய கேலரியைத் திரும்பப் போட்டுப் பார்க்கட்டும்.

அதே ஜூலையில் என்ன நடந்தது? ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கால்பந்து அணியை அனுப்ப முடியாது என்றார்கள். குழு விளையாட்டென்றால் ஆசியத் தரவரிசையில் முதல் எட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விளையாட்டு அமைச்சகத்தின் விதி. நாம் 18ஆவது இடம். கோச் இகோர் ஸ்டிமாச் பிரதமருக்கே பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். மாதக் கடைசியில் விதியைத் தளர்த்தி, ஆண்கள், பெண்கள் இரண்டு அணிகளையும் அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். கதை அத்தோடு முடியவில்லை. ஆசிய விளையாட்டுக்கு வீரர்களை விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிளப்புகளுக்குக் கிடையாது. நாட்டின் பெரிய கிளப் லீக்கான ஐஎஸ்எல் செப்டம்பர் 21 அன்று தொடங்குகிறது. ஆசிய விளையாட்டில் நம் முதல் மேட்ச் செப்டம்பர் 19. எந்த கிளப் தன் ஆளை விடும்? வீடு வீடாகப் போய்க் கைமாற்று கேட்கிற மாதிரி கிளப் கிளப்பாகக் கேட்டு ஓர் அணியைச் சேர்த்தார்கள். முகாமே கிடையாது. முந்தைய நாள் மாலைதான் போட்டி நடந்த ஹாங்சோவில் இறங்கினார்கள், மறுநாள் சீனாவோடு ஆடினார்கள், 5-1 என்று தோற்றார்கள். அப்படியும் அடுத்த சுற்றுக்குப் போனார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

இதை யாராவது ஒருவரின் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. அமைச்சகத்துக்கு ஒரு விதி, கிளப்புக்கு ஒரு கணக்கு, லீக்குக்கு ஒரு தேதி. அவரவர் இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரிதான். மூன்று பேரும் முன்கூட்டியே ஒரே மேஜையில் உட்காரவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் அட்டவணை. பார்த்தீர்களா, மறுபடியும் அங்கேயே வந்துவிட்டேன்.

2018இல் ஆண்கள் அணியின் கேப்டன் சுனில் சேத்ரி வெளியிட்ட வீடியோ பலருக்கு ஞாபகம் இருக்கும். மும்பையில் சீன தைபேயை 5-0 என்று ஜெயித்த மேட்ச்சுக்கு வந்தவர்கள் 2,569 பேர். அந்த மேட்ச்சில் சேத்ரி ஹாட்ரிக் வேறு. மறுநாள் அவர் கைபேசியை எடுத்து, மைதானத்துக்கு வாருங்கள், வந்து எங்களைத் திட்டவாவது செய்யுங்கள் என்கிற ரீதியில் பேசினார். கென்யாவோடு நடந்த அடுத்த மேட்ச், அவருடைய 100ஆவது சர்வதேச மேட்ச், டிக்கெட் எல்லாம் காலி. கொட்டுகிற மழையில் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். எல்லோரும் இதை ஒரு கேப்டனின் கண்ணீர்க் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. கூப்பிட்டவுடன் இரண்டே நாளில் வந்து நிரப்பிய கூட்டத்துக்கு ஏற்கெனவே மரியாதை இருந்தது. மேட்ச் இருப்பதை அவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த வேலையைக் கேப்டனே செய்ய வேண்டியிருந்தது.

'முன்பெல்லாம் மதித்தார்களே' என்று சிலர் எழுதுவார்கள். முன்பு என்றால் 1962. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. கதை பாதிப் பேருக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், எனக்குச் சலிக்காத கதை. முதல் மேட்ச்சில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்தோடு ஆடும்போது ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல் போட்டார்கள். அவர் தடுப்பாட்டக்காரர். கோச் சையத் அப்துல் ரஹீம் அவரைத் தூக்கி முன்வரிசையில் போட்டார். அரையிறுதியில் கோல் அடித்தார், இறுதியிலும் அடித்தார். இறுதியில் எதிரணி அதே தென்கொரியா. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து நின்றார். மைதானம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததைப் பற்றி நம் நாட்டு அதிகாரி ஒருவர் பேசியதில் உள்ளூர்க்காரர்களுக்குக் கோபம். நம் பக்கம் கைத்தட்டியது, கேலரியில் இருந்த பாகிஸ்தான் ஹாக்கி அணி என்று அன்று ஆடியவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1. தங்கம்.

அப்புறம்? செப்டம்பர் 4 அன்று தங்கம். அக்டோபர் 20 அன்று சீனாவோடு போர். நாட்டின் கவனம் முழுக்க எல்லைக்குப் போய்விட்டது. நுரையீரல் புற்றுநோயில் ரஹீம் 1963 ஜூனில் இறந்துபோனார். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், இரண்டு ஆசியத் தங்கங்களும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் வாங்கித் தந்தவர். அவருக்கு ஒரு பத்ம விருது கிடையாது. அந்த அணியில் ஆடிய, செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. பத்மஸ்ரீ வரவில்லை. 2023 பிப்ரவரியில் அவரும் போய்விட்டார். ஆக, மரியாதைப் பஞ்சம் இன்று நேற்று வந்ததில்லை.

ஆனால் அந்த அணியிடம் ஒன்று இருந்தது. ஆட இடம் இருந்தது. கல்கத்தா லீக், டூரண்ட் கோப்பை, பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை, சந்தோஷ் டிராஃபி என்று வருடம் முழுக்க ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டே இருந்தார்கள். எந்தப் பையன் எந்தக் காலால் அடிப்பான் என்பது ரஹீமுக்கு அத்துப்படி. தையல் போட்ட தடுப்பாட்டக்காரரை முன்னால் நிறுத்துகிற துணிச்சல் அந்தப் பழக்கத்தில் வந்தது என்பது என் கட்சி.

இப்போது பெண்கள் பக்கம் வருகிறேன். நேயர் அங்கிருந்துதான் தொடங்கினார். நம் ஊர்க் கதையே சொல்கிறேன். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்துத் தமிழ்நாடு பெண்கள் அணி முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. மணிப்பூர் என்றால் பெண்கள் கால்பந்தின் தலைநகரம், அவர்களை இறுதியில் ஜெயிப்பது சும்மா இல்லை. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று ஜெயித்து மறுபடியும் சாம்பியன். நடுவில் 2019இல் மதுரையின் சேது எஃப்சி, இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது. மதுரை அணி இந்தியாவின் சாம்பியன். இதைக் கேட்டிருக்கிறீர்களா என்று நான் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். கை தூக்குகிறவர்களை எண்ண ஒரு கை போதும்.

அந்த 2019 லீக்கின் இறுதிக் கட்டம் எங்கே நடந்தது தெரியுமா? முழுக்க லூதியானாவில். மே 5 தொடங்கி 22இல் முடிந்தது. லீக் என்று பெயர், மூன்று வாரம்கூட இல்லை. மதுரைக்காரர் தன் ஊர் அணியைப் பார்க்க வேண்டுமென்றால் பஞ்சாபுக்கு ரயில் ஏற வேண்டும். பார்க்காத அணியை ஊர் எப்படிக் கொண்டாடும்? சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்கிற முறை பெண்கள் லீக்குக்கு 2023-24இல்தான் வந்தது. அடுத்த வருடமே சியாங் மாய் வெற்றி வருகிறது. அது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் என் சந்தேகம் அந்தப் பக்கம்தான் போகிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமென்ட்டில் என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். ஆண்கள் அணி இப்போது ஜெயிக்கிற அணி இல்லை. 2025 நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்றது. 2027 ஆசியக் கோப்பைக்கும் தகுதி பெறவில்லை. தோற்றுவிட்டு மரியாதை கேட்டால் யார் தருவார்கள் என்றால், சரிதான். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு இதே அணி, கோச் காலித் ஜமீலின் பொறுப்பில், ஓமனைப் பெனால்டியில் ஜெயித்து மத்திய ஆசியக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்தது. அந்த மேட்ச் ஆடியபோது அந்த வீரர்களில் பலருக்கு அடுத்த லீக் எப்போது தொடங்கும், தொடங்குமா என்பதே தெரியாது. ஐஎஸ்எல் ஒப்பந்தம் இழுபறியில் கிடந்தது. சில கிளப்புகள் வேலையையே நிறுத்தி வைத்திருந்தன. ஓமனை ஜெயித்துவிட்டு வந்த வீரன் ஊருக்குத் திரும்பி எந்த மைதானத்தில் ஆடுவான்? வரவேற்பு கொடுத்தார்களா என்று கேட்பதை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.

எனக்கு வர வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: 'என் மாவட்டத்தில் பெண்கள் கால்பந்து லீக் எந்த மாதம் நடக்கிறது?' இதை யாராவது கேட்டிருந்தால் இன்றைக்கு முழு வீடியோவும் அதற்கே கொடுத்திருப்பேன். உங்கள் மாவட்டக் கால்பந்து சங்கத்தில் விசாரித்து, தேதி கிடைத்தால் கமென்ட்டில் போடுங்கள். கிடைக்கவில்லை என்றாலும் அதையே போடுங்கள், ஒரு வீடியோவுக்கு ஆகும்.

அடுத்து ஒருவர் ஆஃப்சைடில் தோள் கணக்கா, கை கணக்கா என்று கேட்டிருக்கிறார். அதற்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும், பலகையை எடுத்து வருகிறேன்.