மின்னலுக்கும் இடிக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம்.

1976ஆம் ஆண்டு வெளிவந்த ‘நைட் மூவ்ஸ்’ என்னும் அமெரிக்க ராக் பாடலைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். எழுதிப் பாடியவர் மிச்சிகன் மாநிலத்துக்காரரான பாப் சீகர். அப்போது அவருக்கு வயது 31. டெட்ராய்ட் வட்டாரத்தில் அரங்கு நிறையக் கூட்டம் சேர்த்தவர்தான். ஆனால் நாடு முழுவதும் அவர் பெயரை நிலைநிறுத்தியது இந்தப் பாடலே. முப்பத்தொன்று முதுமையா என்று கேட்பீர்கள். இளைஞர்களின் சொத்தாகவே கருதப்பட்ட ராக் இசையில், அது திரும்பிப் பார்க்கத் தொடங்கும் வயதுதான்.

அப்படிப் பார்க்கத் தூண்டியது ஒரு திரைப்படம். 1962ஆம் ஆண்டின் ஓர் இரவை மையமாகக் கொண்டு ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ 1973இல் வெளியானது. அதைப் பார்த்த சீகருக்குத் தன்னிடமும் சொல்வதற்கு ஒரு கதை இருப்பதாகத் தோன்றியது. எழுதி முடிக்க ஏறத்தாழ ஆறு மாதம் பிடித்தது.

கதை மிகச் சிறியது. பதின்வயதுப் பையனும் பெண்ணும் சோளக்காடுகளைத் தாண்டி, மரங்கள் அடர்ந்த இடத்தில், 1960ஆம் ஆண்டின் செவர்லே கார் ஒன்றில் சந்திக்கிறார்கள். அதைக் காதல் என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. அந்த நேர்மைதான் பாடலைச் சர்க்கரைப் பாகாகிவிடாமல் காப்பாற்றுகிறது என்பது என் எண்ணம்.

என்னை இப்பாடலில் கட்டிப்போடுவது வேறொன்று. கிட்டாரும் டிரம்ஸும் உச்சத்தை நோக்கி ஏறும்போது, அந்த இளைஞன் மின்னலை உணர்கிறான்; இடிக்காகக் காத்திருக்கிறான். இடி வருவதில்லை. தாளம் நின்றுவிட, அக்கூஸ்டிக் கிட்டாரின் மெல்லிய மீட்டலோடு தணிந்த குரலில் ஒருவன் பேசுகிறான்: நேற்றிரவு இடியோசை கேட்டு விழித்துக்கொண்டானாம், அது எவ்வளவு தொலைவில் இடித்தது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தானாம். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்வரை எண்ணித் தொலைவைக் கணக்கிடும் வழக்கம் சிறுவர்கள் பலருக்கும் தெரியும். இங்கே எண்ண வேண்டியவை நொடிகள் அல்ல, ஆண்டுகள். பையனாக இருந்தபோது கண்ட மின்னலின் இடி, இலையுதிர்காலம் நெருங்கும் வயதில்தான் அவன் காதுக்கு வந்து சேர்கிறது. இழந்த காலத்தைப் பற்றிப் புலம்பல் ஒரு வரிகூட இல்லை. அந்த நிறுத்தமே போதுமானதாக இருக்கிறது.

விழித்தவன் 1962ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றை முணுமுணுக்கிறான். தன் மனத்தில் இருந்தது ரோனெட்ஸ் குழுவினரின் ‘பி மை பேபி’ என்று சீகர் பின்னாளில் கூறினார். அந்தப் பாடல் வெளிவந்ததோ 1963இல். நினைவு ஓராண்டு பிசகிவிட்டது. அவர் அதைத் திருத்தவில்லை, மேடைகளிலும் 1962 என்றே பாடிவந்தார்.