கஞ்சாவுக்குக் கடை வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

கஞ்சா விற்பனையைச் சட்டம் அனுமதிக்கலாமா, கூடாதா என்பது இன்றைய கேள்வி. கூடாது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தோழர் நான்கு விஷயங்களை வைத்தார். பிடிபடுகிறவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் வாழ்க்கை ஜெயிலில் வீணாகிறது என்றார். கடை திறந்தால் கள்ளச்சந்தை செத்துவிடும் என்றார். இது நம் மண்ணின் மூலிகை, வெள்ளைக்காரனே பெரிய தீங்கில்லை என்று எழுதிவைத்திருக்கிறான் என்றார். நோயாளிகளுக்கு மருந்தாகிறது என்றார்.

முதல் விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. ஒரு பொட்டலத்தோடு பிடிபட்ட 19 வயதுப் பையனை ஜெயிலில் போட்டால் அவன் திருந்தி வரப்போவதில்லை, இன்னும் பெரிய ஆட்களின் சகவாசத்தோடுதான் வருவான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போனால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவில் வைத்திருந்ததற்கும் அவர்மீது வழக்கு நடத்த வேண்டியதில்லை என்கிறது அது. எத்தனை வீடுகளுக்கு இது தெரியும்? தோழர் போர்ச்சுகல்லை எடுத்துக்காட்டினார். நானும் அதையே காட்டுகிறேன். 2001 முதல் அங்கே கொஞ்சமாக வைத்திருப்பவரைக் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை, ஆலோசனைக் குழுவிடம் அனுப்புகிறார்கள். ஆனால் விற்பவனுக்கு அங்கே இன்றும் சிறைதான். போர்ச்சுகல் கடை திறக்கவில்லை. தண்டனையைக் குறைப்பது வேறு, கடை திறப்பது வேறு. நான் எதிர்ப்பது கடையை.

ஏன் எதிர்க்கிறேன் என்று சொல்கிறேன். நான் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறவன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவன். பெயர் வேண்டாம். கணக்கில் கெட்டி. ஒருநாள் செய்முறை வகுப்பில் அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸ் கை தவறி விழுந்தது. காம்பஸ், விரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில், அவற்றோடு கண்ணில் விடும் சொட்டு மருந்துப் புட்டி ஒன்று உருண்டு வந்து என் காலடியில் நின்றது. "கண் வலியாடா?" என்றேன். "ஆமா சார்" என்றான். எடுத்துக் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். கஞ்சா இழுத்துக் கண் சிவந்திருப்பது வெளியே தெரியாமல் இருக்கப் பிள்ளைகள் அதை வைத்திருப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அரையாண்டுத் தேர்வுக்குள் அவன் முன் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போனான். அப்புறம் வருவதே நின்றுபோனது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா பூக் கட்டி விற்கிறவர். பையன் சுவரோரம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. "யாரோ செய்வினை வச்சுட்டாங்க சார்" என்று அந்த அம்மா பூக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு அழுதார். மனநல டாக்டரிடம் அழைத்துப் போக மூன்று வாரம் மன்றாட வேண்டியிருந்தது.

ஒரு பையனை வைத்து ஊருக்கே சட்டம் எழுத முடியாதுதான். இழுக்கிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் பயன்படுத்துகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமையாகிறார், பதின்வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர் என்பது மருத்துவ உலகம் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. என் வகுப்பில் 42 பேர். அத்தனை பேரும் தொட்டால் எத்தனை பேர் மாட்டுவார்கள் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

"தடை இருந்தபோதுதானே அவனுக்குக் கிடைத்தது?" என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. 2019இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் எய்ம்ஸ் மருத்துவர்களைக் கொண்டு எடுத்த கணக்கெடுப்பு வெளியானது. நாட்டில் மது அருந்துகிறவர்கள் சுமார் 16 கோடிப் பேர். கஞ்சாவும், அதே செடியின் பிசினான சரஸும் பயன்படுத்துகிறவர்கள் சுமார் 1.3 கோடி. இந்த வித்தியாசத்துக்குச் சட்டம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைத் தேடி அலைய வேண்டும், இன்னொன்று போகிற வழியிலேயே இருக்கிறது. அந்த வித்தியாசத்தில்தான் என் மாணவர்களில் பெரும்பாலோர் தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடை என்றால் என்ன என்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2003இல் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தது. கள்ளச்சாராயத்தை ஒழிக்க, தனியார் கொள்ளையைத் தடுக்க என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள். அப்போது ஆண்டு வருமானம் 4,000 கோடியைத் தொடவில்லை. 2023-24இல் அது 45,000 கோடியைத் தாண்டியது. நடுவில் 2016இல் 500 கடைகளை மூடினார்கள், 2017இல் 500, 2023இல் 500. எந்தக் கட்சி ஆண்டாலும் மூடினார்கள். கடை குறைந்தது, வருமானம் குறைந்ததா? விலையேற்றத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள், அப்போதும் தலை சுற்றும். ஒரு போதையிலிருந்து வரும் காசை வைத்து அரசு சம்பளமும் திட்டமும் போட்டுப் பழகிவிட்டால், மனசு இருந்தாலும் அதை நிறுத்த முடியாது. விற்கிறவனுக்கு, அது அரசாகவே இருந்தாலும், நேற்றைவிட இன்றைக்குக் கூடுதலாக விற்க வேண்டும். எப்போதாவது வாங்குகிறவரால் எந்தக் கடையும் பிழைப்பதில்லை. தினமும் வந்து நிற்கிறவரால்தான் பிழைக்கிறது. அடிமையானவன்தான் அந்தக் கடையின் நல்ல வாடிக்கையாளர்.

கள்ளச்சந்தை செத்துவிடும் என்றாரே தோழர்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்போது தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடை இல்லையா? இருந்தது. ஆனால் குவார்ட்டர் பாட்டிலைவிடப் பாக்கெட் சாராயம் மலிவு. வரி போட்டு விற்கும் எந்தக் கடையையும்விட வரி கட்டாதவன் மலிவாகத்தான் விற்பான். கலிஃபோர்னியாவில் 2018இல் கஞ்சாக் கடை திறந்தார்கள். திருட்டுத் தோட்டங்களும் உரிமம் இல்லாத கடைகளும் அங்கே இன்னும் ஒழியவில்லை.

மூலிகை என்றார். தோழர் சொன்னது வெள்ளைக்கார அரசு கஞ்சாவை ஆராய அமைத்த 1893-94 ஆணையத்தை. அது மிதமான பயன்பாட்டில் பெரிய கேடில்லை என்று எழுதியது உண்மை. ஆனால் அது பார்த்த செடி வேறு. அமெரிக்காவில் பறிமுதலான சரக்கில் போதை தரும் டிஎச்சி 1995 வாக்கில் 4 சதவீதம், இப்போது 15 சதவீதத்துக்குப் பக்கம். அங்கே உரிமம் பெற்ற கடைகளிலேயே அதைப் பிழிந்தெடுத்த சாறு 60, 70 சதவீத வீரியத்தில் கிடைக்கிறது. இதற்குப் பெயர் மூலிகையா?

மருந்துக்கு வருகிறேன். புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் தருகிறோம். அது அபினிலிருந்து வருவது. அந்த மருந்து நோயாளிக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று இதே சட்டத்தை 2014இல் திருத்தினார்கள். அதற்காகத் தெருவில் அபின் கடை திறந்தோமா? வலிப்பு நோயால் அவதிப்படும் குழந்தைக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்து உதவும் என்றால் டாக்டர் சீட்டோடு கிடைக்கட்டும், அதற்கு முதல் ஆளாகக் கை தூக்குகிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. கட்டுப்படுத்தும் சட்டம் பின்னால் வரும் என்றார்கள், வரவில்லை. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அதே நாடு உத்தரவு போட்டது. மூன்றே வருடம். இதற்குள் எத்தனை பேர் கடன் வாங்கிக் கடை வைத்தார்கள், எத்தனை பிள்ளைகள் பழகினார்கள் என்று யார் கணக்குச் சொல்வது?

அந்தப் பையன் இப்போது ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறான். ராத்திரி மாத்திரை தவறக் கூடாது. அம்மா தினமும் அட்டையைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். மதுக்கடைக்கும் பள்ளிக்கும் நகரத்தில் 50 மீட்டர் இடைவெளி போதும் என்று நம் விதி சொல்கிறது. எங்கள் பள்ளி வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு 300 மீட்டர், என் பிள்ளைகள் தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். அடுத்து எதிரணியிலிருந்து எழுந்து வருகிறவர் இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். உங்கள் கடையை எந்தத் தெருவில் வைப்பீர்கள்?

நன்றி, வணக்கம்.