ஒத்தைக் கேபின் இன்ஜின்: இத்தாலியின் ஈ.464

[திரை: ரோமா டெர்மினி. தண்டவாளம் முடியும் இடத்தில் தடுப்புக்கட்டை.]

ரோமா டெர்மினி, மிலானோ சென்ட்ராலே ரெண்டுமே முட்டுச்சந்து மாதிரியான ஸ்டேஷன்கள். வந்த வழியாவே ரயில் திரும்பிப் போகணும். நெடுந்தூர ரயிலுன்னா இன்ஜினைக் கழட்டி மறுமுனையில மாட்டிக்கலாம். ஆபீஸ் நேர ரயிலுக்கு அது கட்டுப்படியாகாது. கப்ளிங்கைக் கழட்டணும், காத்துக் குழாயைப் பிரிக்கணும், பக்கத்து லைன்ல சுத்தி வந்து மாட்டணும், பிரேக் டெஸ்ட் பண்ணணும். அதுக்குள்ள அடுத்த ரயில் சிக்னல்ல வந்து நிக்கும்.

அதனால இன்ஜினை ஒரு முனையிலேயே விட்டுடுவாங்க. மறுமுனைப் பெட்டியில ஒரு டிரைவர் கேபின் இருக்கும். அந்தப் பெட்டிக்கு அங்கே பேர் செமிபிலோத்தா. போகும்போது இன்ஜின் இழுக்கும், திரும்பும்போது தள்ளும். இதுக்குப் பேர்தான் புஷ்-புல்.

[திரை: பழைய ஈ.424, பக்கவாட்டில் ஜன்னல் வரிசை.]

இந்த வேலையை ரொம்ப நாள் பார்த்தது 1940களில் வந்த ஈ.424. மொத்தம் 158 இன்ஜின், ஒவ்வொண்ணும் சுமார் 1500 கிலோவாட். வடிவமைச்சப்போ புஷ்-புல் யாரோட யோசனையிலயும் இல்லை. 1980களில்தான் சிலதுக்கு ரிமோட் கன்ட்ரோல் கேபிள் பொருத்தினாங்க.

இதோட பலவீனம் கிளம்புற நேரத்துல தெரியும். மேல் கம்பியில 3000 வோல்ட் டிசி. சுத்தாம நிக்கிற மோட்டார் எதிர் வோல்டேஜ் எதையும் உண்டாக்காது. முழு வோல்டேஜையும் கொடுத்தா சுருள் கருகிடும். அதனால முதல்ல நாலு மோட்டாரையும் சீரிஸ்ல போட்டு, கூடவே ரெசிஸ்டரையும் சேர்ப்பாங்க. வேகம் ஏற ஏற டிரைவர் ஒவ்வொரு நாட்ச்சா, அதாவது கைப்பிடியோட ஒவ்வொரு படியா, ரெசிஸ்டரைக் குறைச்சுக்கிட்டே வரணும். அவசரப்பட்டு நாட்ச் ஏத்தினா கரன்ட் எகிறி மெயின் பிரேக்கர் விழும். ஒரே நாட்ச்சுல ரொம்ப நேரம் தங்கினா ரெசிஸ்டர் பழுக்கக் காய்ஞ்சுடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்டேஷன் வந்தா, ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான், கரன்ட்ல ஒரு பங்கு வெறும் சூடாவே போயிடும். இது போதாதுன்னு மோட்டாருக்குள்ள கார்பன் பிரஷ் தேய்ஞ்சு தூள் படியும். துடைக்காம விட்டா கம்யூட்டேட்டர்ல, அதாவது பிரஷ் உரசுற செப்பு வளையத்துல, தீப்பொறி பாயும்.

[திரை: ஈ.464, முதலில் முகப்பு, பிறகு தட்டையான பின்பக்கம்.]

1999-ல ஈ.464 வந்துச்சு. லிகூரியாக் கடற்கரையில இருக்கிற வாதோ லிகுரே ஆலையில அட்ரான்ஸ் கம்பெனி கட்ட ஆரம்பிச்சது. 2001-ல பம்பார்டியர் கைக்குப் போச்சு. 2015 வரைக்கும் 700-க்கு மேல கட்டினாங்க. இத்தாலியில வேற எந்த மின்சார இன்ஜினும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

இந்தப் பின்பக்கத்தைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க. இங்கே கேபின் கிடையாது. பெட்டிகளுக்கு நடுவுல இருக்கிற மாதிரியே ஒரு நடைவழி, ரப்பர் உறை. இன்ஜினாப் பார்த்தா அரைகுறை. ரயிலோட ஒரு துண்டாப் பார்த்தா கச்சிதம். யார்டுல மெதுவா நகர்த்துற ஷண்டிங்குக்கு மட்டும் இந்தப் பக்கம் ஒரு சின்ன கன்ட்ரோல் உண்டு.

உள்ளே இன்வெர்ட்டர். ஆரம்பத்துல ஜிடிஓ தைரிஸ்டர்ங்கிற எலக்ட்ரானிக் சுவிட்ச் வெச்சது. 3000 வோல்ட் டிசியை மூணு ஃபேஸ் ஏசியா மாத்தி நாலு அசிங்க்ரோனஸ் (இண்டக்ஷன்) மோட்டாருக்குக் கொடுக்கும். பிரஷ்ஷும் இல்லை, கிளம்புறதுக்கு ரெசிஸ்டரும் இல்லை.

[திரை: கணக்கு வரிவரியாக.]

எடை 72 டன், கிளம்பும்போது இழுவிசை 200 கிலோநியூட்டன், பவர் 3500 கிலோவாட், உச்ச வேகம் மணிக்கு 160 கி.மீ. பின்னாடி 300 டன் பெட்டி மாட்டியிருக்குன்னு வெச்சுக்குவோம். மொத்தம் 372 டன். தடையையும் சுழலும் பாகங்களையும் கழிச்சா முடுக்கம் ஏறக்குறைய 0.5 மீட்டர்/வினாடி². பவரை விசையால வகுத்தா வேகம்: 3500-ஐ 200-ஆல வகுத்தா வினாடிக்கு 17.5 மீட்டர், அதாவது மணிக்கு 63 கி.மீ. அது வரைக்கும் முழு விசை கிடைக்கும், சுமார் 35 வினாடியில தொட்டுடலாம். அதுக்கு மேல பவர் அப்படியேதான் இருக்கும், விசைதான் இறங்கும். 160-ல 80 கிலோநியூட்டன் கூட மிஞ்சாது.

சிக்கல் எங்கேன்னா, அந்த 200 கிலோநியூட்டனும் நாலே அச்சு வழியாத்தான் தண்டவாளத்துல இறங்குது. இன்ஜின் எடையில 28 சதவீதம். காய்ஞ்ச தண்டவாளம் தாங்கும். இலையுதிர் காலத்துல நசுங்கின இலையும் தூறலும் சேர்ந்தா பிடிப்பு 10 சதவீதத்துக்குக் கீழே கூட விழும். சக்கரம் வழுக்கும், எலக்ட்ரானிக்ஸ் விசையைக் குறைக்கும், மணல் கொட்டும், ரயில் லேட்டாகும்.

[திரை: பெட்டிகளுக்கு இடையே தொங்கும் தடிமனான கேபிள்.]

இன்னொரு தொல்லை இந்தக் கேபிள். பழைய பெட்டிகள்ல 78 கம்பி. ஒவ்வொரு ஆணைக்கும் தனிக் கம்பி. ஒரே ஒரு பின்ல துரு பிடிச்சாலும், செமிபிலோத்தாவுல டிரைவர் கொடுக்குற ஆணை இன்ஜினுக்குப் போய்ச் சேராது. அப்போ இன்ஜினையே முன்னாடி கொண்டு வரணும். ரெண்டு கேபின் இருக்கிற இன்ஜின்னா கவலையில்லை. இதைச் சுத்திக் கொண்டு வந்து மாட்டினா கண்ணில்லாத பக்கம்தான் முன்னால நிக்கும்.

2019-லிருந்து ராக், பாப்னு புது ரயில்கள் ஓடுது. ரெண்டுலயும் தனி இன்ஜினே கிடையாது; மோட்டார் பல பெட்டி அச்சுகள்ல பிரிஞ்சிருக்கு, அதனால வழுக்கலும் குறைவு. இடம் இழக்கிற ஈ.464-ஐ சரக்கு ரயிலுக்குக் கொடுக்கலாமேன்னு கேட்பீங்க. கொடுக்கலாம், ஆனா ரெண்டு இன்ஜினை முதுகோட முதுகா ஒட்டினாத்தான் ரெண்டு பக்கமும் கேபின் கிடைக்கும்.